அத்தியாயம் 6: மட்டை பிடித்தறியாதவர்களை வைத்து ஒரு கோல்ஃப் போட்டி

ஓசூரில் நாலு பேர் கூடியிருக்கும்போது, நற்பணிக்கு நிதி திரட்ட ஒரு கோல்ஃப் போட்டி வைக்கலாமா என்று பேச்செடுத்துப் பாருங்கள். "நம்ம ஊர்ல யாரு சார் கோல்ஃப் ஆடுறாங்க?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கிண்டலாகத்தான் கேட்பார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மைதானத்துக்கு முன்பணம் கட்டியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆடுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஓசூருக்கு அருகிலேயே குளோவர் கிரீன்ஸ் என்ற 18 ஹோல் மைதானம் இருக்கிறது. பெங்களூரில் 1876-இலிருந்தே கோல்ஃப் கிளப் உண்டு. அங்கிருந்து ஞாயிறு விடியலில் அத்திப்பள்ளியைத் தாண்டி வருகிறவர்கள் ஒரு கூட்டம். இங்குள்ள ஆலைகளில் வேலைக்கு வந்து தங்கியிருக்கும் ஜப்பான், கொரியா, தைவான் மேலாளர்கள் இன்னொரு கூட்டம். மூன்றாவது கூட்டத்தை யாரும் எண்ணுவதில்லை: மைதானத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மட்டைப்பை தூக்க வரும் கேடிகள். பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய சி. முனியப்பா 2009-இல் இந்திய ஓப்பன் பட்டத்தையே வென்றவர். ஆகவே பை தூக்குகிறவருக்கு ஆடத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் காசோலை எழுதப்போகிறவர்கள் இந்த மூன்று கூட்டத்திலும் இல்லை. சிப்காட் ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் பட்டறை முதலாளிகள், லாரி உரிமையாளர்கள், கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக் கிரானைட்காரர்கள், மாங்கூழ் ஆலைக்காரர்கள், ரோஜாப் பண்ணைக்காரர்கள், இவர்கள்தான் கொடுக்கக்கூடியவர்கள். இவர்களில் பெரும்பாலோர் கோல்ஃப் மட்டையைத் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. அவர்களைப் பந்தலில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தினால் இந்த வருடம் பணம் வரும். அடுத்த வருடம் போனை எடுக்கமாட்டார்கள். மைதானத்தில் இறக்கி ஆடவிட்டால் அடுத்த வருடத் தேதியை அவர்களே கேட்பார்கள். இந்த அத்தியாயத்தில் வரும் ஏற்பாடுகள் அனைத்தும் அவர்களை மனதில் வைத்தவை.

எதற்காக ஆடுகிறோம்

"ஏழைக் குழந்தைகளின் கல்விக்காக" என்று பேனரில் எழுதுவது சுலபம். அதைப் பார்த்து யாரும் இரண்டாவது முறை பர்ஸைத் திறப்பதில்லை. விலை சொல்லக்கூடிய, எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு காரியத்தை எடுங்கள். அதே சமயம் தாங்கக்கூடியதாகவும் இருக்கட்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் ஃபுளோரைடு கலந்த தண்ணீர் பெரிய துயரம்தான். ஆனால் அதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்ற அளவில் அரசும் ஜப்பானியக் கடனும் இறங்கவேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் சுமக்கிற பாரமல்ல அது.

எனக்குப் பிடித்த உதாரணம் லாரி ஓட்டுநர்களுக்கான மூக்குக்கண்ணாடி. தேசிய நெடுஞ்சாலை 44 கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் ஊடறுத்துப் போகிறது. இரவு முழுக்க லாரிகள் ஓடுகின்றன. ஓட்டுகிறவருக்கு நாற்பது வயதுக்கு மேல் எழுத்து மங்குகிறது. மருத்துவமனைக்குப் போக ஒரு நாள் கூலி போகும். சாலையோரத்தில் கண் பரிசோதனை முகாம் போட்டு, அங்கேயே கண்ணாடி கொடுக்கலாம். கேட்கிற முதலாளியின் சரக்கும் அதே சாலையில்தான் போகிறது, விளக்கம் தேவைப்படாது.

முகாம் நடத்தும் அறக்கட்டளைக்கு வருமான வரிவிலக்குக்கான 12ஏ, 80ஜி பதிவுகள் நடப்பில் உள்ளனவா என்று நகலைக் கையில் வாங்கிப் பாருங்கள். "இருக்குங்க" என்ற வாய்ச்சொல் போதாது.

தேதி குறிப்பது

ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுக்க ஆடலாம் என்று தோன்றும். தோன்றுவதுதான்.

ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் இடி இறங்கும். கையில் இரும்புத் தண்டோடு வெட்டவெளியில் நிற்கிற ஆட்டம் இது. செப்டம்பரில் மழையோடு காவிரிப் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். 2023 செப்டம்பர் 26-இல் பெங்களூரு பந்த், 29-இல் கர்நாடகா பந்த். அத்தகைய நாட்களில் நம் பேருந்துகள் ஜூஜூவாடியோடு நின்றுவிடும். உங்கள் ஆட்டக்காரர்களில் ஒரு பகுதி எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும். அக்டோபர், நவம்பர் மழை. மார்ச் முழுக்க ஆலைகளில் வருடக்கணக்கு முடிக்கும் நெருக்கடி; உற்பத்தித் தலைவரைப் போனில்கூடப் பிடிக்கமுடியாது. பொங்கல் வாரத்தில் வெளியூர்க்காரர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்.

மிஞ்சும் மாதங்களில் என் தேர்வு ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும். அதிலும் ஒரு சின்ன விஷயம்: பிப்ரவரி 14-க்கு முந்தைய வாரங்களில் ஓசூர் ரோஜா வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறது. மேடை அலங்காரத்துக்கு ரோஜா வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் அந்த விலையில் கண் பிதுங்கும். பிப்ரவரி மூன்றாம் ஞாயிறு என்றால் பூவும் மலிவு, பனியும் குறைந்திருக்கும்.

குளிர்காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ராகி அறுவடையை மோப்பம் பிடித்து ஓசூர் வனக்கோட்டத்துக்குள் வரும். தளி, ஜவளகிரி வழியாகத் திரும்புகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பட்டும். பரிசளிப்பை இரவு விருந்தாக வைக்காமல் மதியச் சாப்பாட்டோடு முடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணம் எங்கே இருக்கிறது

முதன்முறை நடத்துகிறவர்கள் செய்யும் தவறு, நுழைவுக் கட்டணத்தில் பணம் வரும் என்று நம்புவது. ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் மைதானம் சொல்லும் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

72 பேர், ஆளுக்கு 5,000 ரூபாய். 3,60,000 வந்தது. மைதானக் கட்டணம், கேடி கூலி, வாடகை மட்டை, காலை டிபன், மதியச் சாப்பாடு, டீ-ஷர்ட், தொப்பி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 4,800 என்றால் 3,45,600 போயிற்று. மிச்சம் 14,400. விடிகாலையில் எழுந்து 72 பேரைக் கூட்டி வந்ததற்கு இதுதான் கூலி. இப்போது 18 ஹோல்களுக்கும் ஹோலுக்கு ஓர் ஆதரவாளர், தலா 25,000: 4,50,000. முதன்மை ஆதரவாளர் 3,00,000. பரிசு, பேனர், மைக், ஆம்புலன்ஸ் என்று 1,40,000 கழித்தால் கையில் நிற்பது 6,24,400. கண்ணாடி ஒன்றுக்கு 500 ரூபாய் என்று வைத்தால் 1,248 பேருக்குப் பார்வை. முதல் பந்து அடிபடுவதற்கு ஒரு மாதம் முன்பே இந்தப் பணம் வங்கிக்கு வந்திருக்கவேண்டும். அன்றைக்கு வசூலிக்கலாம் என்று விட்டது வசூலாகாது.

ஆதரவாளரைப் பார்க்கப் போகும்போது ஆலையின் மனிதவள அதிகாரி கேட்கும் முதல் கேள்வி: "இத சி.எஸ்.ஆர்-ல போட்டுக்கலாமா சார்?" கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைத்தான் அப்படிச் சொல்கிறார். ஆசையில் தலையாட்டிவிடாதீர்கள். மாரத்தான் போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகளுக்குக் கொடுப்பது சி.எஸ்.ஆர். ஆகாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2014 ஜூனிலேயே சுற்றறிக்கை விட்டது. 2021-இல் திருத்தப்பட்ட விதிகளும் தன் பொருளுக்கு விளம்பரம் தேடும் ஆதரவுத் தொகையை வெளியே தள்ளிவிட்டன. சரியான வழி, இரண்டு கடிதங்களோடு போவது. ஒன்று சந்தைப்படுத்தும் பிரிவுக்கு: ஹோல் அருகே பெயர்ப்பலகை, இவ்வளவு தொகை. இன்னொன்று சி.எஸ்.ஆர். குழுவுக்கு: போட்டியைப் பற்றிப் பேச்சே இல்லாமல், கண்ணாடித் திட்டத்துக்கு நேராக அறக்கட்டளைக்கு. அறக்கட்டளை சி.எஸ்.ஆர்-1 படிவப் பதிவு வைத்திருக்கவேண்டும். ஒரே கட்டடத்தில் இரண்டு மாடி, இரண்டு பை. பல அமைப்பாளர்கள் ஒரு பையோடு திரும்பிவிடுகிறார்கள்.

பலகையில் விளம்பரம் வந்தால் அது சேவை, ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு அதன்மேல் ஏறும். விளம்பரம் இல்லாமல் நன்றிக்காக மட்டும் பெயர் போட்டால் அது நன்கொடை, வரி இல்லை என்று 2019 அக்டோபர் சுற்றறிக்கை ஒன்று தெளிவாக்கியிருக்கிறது. நுழைவுக் கட்டணத்துக்கு 80ஜி ரசீது தரக்கூடாது. சாப்பிட்டு, ஆடி, தொப்பி வாங்கிப் போனவர் தானம் செய்யவில்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் அந்த விலக்கு கிடையாது. 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டதால், ரசீதை அச்சடிக்கும் முன் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு பொறி உண்டு. ஜப்பானிய மேலாளர் சந்தோஷத்தில் 50,000 ரூபாயை நன்கொடையாக நீட்டுவார். ரூபாய்தான், ஓசூர் வங்கிக் கணக்கிலிருந்துதான். இருந்தாலும் கொடுப்பவர் வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி இல்லாத அறக்கட்டளை தொடக்கூடாது. அவர் ஆட்டத்துக்கான கட்டணத்தைக் கட்டுவது வேறு. நன்கொடையைக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் குலுக்கல் சீட்டு விற்கச் சொல்லும். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியோடு லாட்டரிச் சீட்டுக்கு முழுக்குப் போட்டாயிற்று. காசுக்குச் சீட்டு விற்றுக் குலுக்கும் வேலையே வேண்டாம். ஏலம் விடலாம். ஒரு தடவை ஏலத்தில் அதிக விலைக்குப் போனது என்ன தெரியுமா? கையெழுத்திட்ட கிரிக்கெட் மட்டை அல்ல, மே மாதத்தில் வீட்டுக்கு வந்து சேரும் பத்துப் பெட்டி மாம்பழம். ஜனவரியில் விற்ற பழத்துக்கு அந்த வருடம் காய்ப்பு எப்படியோ என்று தோட்டக்காரர் மட்டும் கொஞ்சம் கலங்கிப்போயிருந்தார்.

ஆட்டத்தை அமைப்பது

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். யார் ஆடுகிறார்கள்? பதினெட்டுப் பேர் போதும்.

போட்டியை 'ஸ்கிராம்பிள்' முறையில் வையுங்கள். நால்வர் ஓர் அணி. நால்வரும் அடிப்பார்கள், எது நல்ல இடத்தில் விழுந்ததோ அந்த இடத்துக்கு எல்லோரும் பந்தைக் கொண்டுபோய் அங்கிருந்து மறுபடி நால்வரும் அடிப்பார்கள். ஒருவர் அடித்தது முள்ளுக்குள் போனாலும் அணிக்கு நட்டமில்லை. அணிக்கு ஆடத் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் மூவர். 18 ஹோல், 18 அணி, 72 பேர். தெரிந்தவரே எல்லாவற்றையும் அடித்து முடிக்காதபடி ஒரு விதி: ஒவ்வொருவரின் தொடக்க அடியும் குறைந்தது இரண்டு ஹோல்களிலாவது எடுத்துக்கொள்ளப்படவேண்டும். பட்டறை முதலாளி அடித்த கோணலான பந்துக்காக ஓர் அணியே காத்திருக்கும் தருணம் அப்போதுதான் வரும். ஆட்டத்தில் சிரிப்பு பிறப்பது அங்கேதான்.

பாட்டுக்காரர் பிங் கிராஸ்பி 1937-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய போட்டியும் இந்தக் கலப்பில்தான் நின்றது: தொழில்முறை ஆட்டக்காரரோடு அமெச்சூர் ஒருவரைச் சேர்த்துவிடுவது. முதல் வருடமே மழை கொட்டி 18 ஹோலாகச் சுருங்கியது. வென்ற சாம் ஸ்னீடுக்குக் கிடைத்தது 500 டாலர். பின்னால் பெப்பிள் பீச்சுக்கு இடம் மாறிய அந்தப் போட்டி இன்றும் நற்பணிக்குப் பணம் திரட்டிக்கொண்டிருக்கிறது.

மைதான நிர்வாகத்திடம் முன்பணத்துக்கு முன் கேட்கவேண்டியது: ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறமைக்கேற்ற சலுகை அடிக் கணக்கு) இல்லாத புதியவர்களை உள்ளே விடுவீர்களா? சில மைதானங்கள் விடாது. விடும் என்றால், முந்தின வாரம் ஒரு சனிக்கிழமை மாலை பயிற்சித் திடலை இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுங்கள். மட்டையைப் பிடிப்பது, பந்துக்கு எதிரே நிற்காமலிருப்பது, "ஃபோர்!" என்று கத்தினால் தலையைப் பொத்திக் குனிவது, இந்த மூன்றும் தெரிந்தால் ஆட்டத்துக்கு வரலாம். காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் கூடாது, ரப்பர் அடி ஷூ. இதை அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள். வாசலில் வைத்து ஒரு லாரி முதலாளியின் வேட்டியைப் பற்றி விவாதிப்பது யாருக்கும் அழகல்ல.

வெற்றியைத் தீர்மானிக்க 'டபுள் பியோரியா' கணக்கை வையுங்கள். பார் (ஒரு ஹோலை முடிக்க நிர்ணயித்த அடிகள்) மொத்தம் 48 வரும்படி 12 ஹோல்களை நீங்கள் ரகசியமாகத் தேர்ந்து உறையில் போட்டு ஒட்டிவிடவேண்டும். ஆட்டம் முடிந்ததும் திறப்பது. ஓர் அணி அந்த 12-இல் 54 அடித்திருந்தால் ஒன்றரை மடங்கு 81. பார் 72 கழித்தால் 9. அதில் 80 விழுக்காடு 7.2. அணியின் மொத்த அடிகளிலிருந்து இந்த 7.2 கழியும். எந்த ஹோல் உறையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால், சொதப்பிய அணிக்கும் கடைசிவரை நம்பிக்கை இருக்கும். ஜப்பானிய மேலாளர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'ஷின்பெரியா' என்ற பெயரில் அவர்கள் ஊரில் அலுவலகக் கோல்ஃபே இதில்தான் நடக்கிறது.

எந்த ஹோலிலும் பாரின் இரு மடங்கு அடித்தாகிவிட்டால் பந்தை எடுத்துக்கொண்டு நடக்கவேண்டும். இந்த விதியை எழுதாமல் விட்டால் ஐந்து மணி நேர ஆட்டம் ஏழு மணி நேரமாகும்.

பரிசு

ஓசூரில் பரிசு தேடி அலையவேண்டாம். கைக்கடிகாரம் இங்கே செய்கிறார்கள், இரண்டு சக்கர வாகனம் இங்கே செய்கிறார்கள். கொடிக்கு மிக அருகே பந்தை வைத்தவருக்குக் கடிகாரம், ஒரே அடியில் குழியில் போட்டவருக்கு பைக். சாதாரண ஆட்டக்காரர் ஒருவர் ஒரே அடியில் போடுவதற்கான வாய்ப்பு 12,500-க்கு ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு ஹோலில் 72 பேர் அடித்தால் ஏறக்குறைய 174-க்கு ஒன்று. இது சின்ன எண்ணல்ல, காப்பீடு எடுங்கள். ஹோலின் தூரம், சாட்சி, வீடியோப் பதிவு பற்றிக் காப்பீட்டு நிறுவனம் வைக்கும் நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். 10,000 ரூபாயைத் தாண்டும் பரிசுக்கு வரிப் பிடித்தம் உண்டா என்பதை வண்டிச் சாவியைக் கொடுக்கும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடவேண்டும்.

அமெச்சூர் தகுதியைக் காப்பவர்கள் 700 பவுண்டு, அதாவது 1,000 டாலருக்கு மேற்பட்ட பரிசை வாங்கக்கூடாது என்பது விதி. ஒரே அடிப் பரிசுக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. ஹேண்டிகேப் போட்டியில் ரொக்கப் பரிசு அறவே கூடாது.

அந்த ஞாயிறு

பிப்ரவரியில் ஆறே முக்கால் சுமாருக்கு விடியும். ஐந்தே முக்காலுக்கு வரச் சொல்லுங்கள். ஏழேகாலுக்கு எல்லா ஹோல்களிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் தொடங்கட்டும். இதை ஷாட்கன் தொடக்கம் என்பார்கள். அப்போதுதான் எல்லோரும் ஒன்றாகத் திரும்பி வந்து ஒன்றாகச் சாப்பிடமுடியும். பெங்களூர்க்காரர்கள் விடிகாலையில் சுலபமாக வந்துவிடுவார்கள். மதியம் மூன்று மணிக்குள் விட்டுவிட்டால் போகும்போதும் திட்டமாட்டார்கள்.

அறிவிப்புகளைத் தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லுங்கள். கேடிகளில் பலர் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறவர்கள். அவர்களில் ஒருவரிடமே மைக்கைக் கொடுக்கலாம். "அண்ணா, காத்து அந்தப் பக்கம் இழுக்குது, கொஞ்சம் எடமா அடிங்க" என்று சொல்லிக்கொடுக்கிற அந்தப் பையன்தான் அன்றைக்கு உங்கள் உண்மையான பயிற்சியாளர். அவருக்கான அன்பளிப்பை ஆட்டக்காரரின் மனசுக்கு விட்டுவிடாதீர்கள். எல்லாக் கேடிகளுக்கும் ஒரே தொகையை உறையில் போட்டு, சாப்பாட்டுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். சாப்பாடும் அதே பந்தியில்.

ஆடாதவர்களுக்கு, வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், பட்டிங் கிரீனில் தனிப் போட்டி வையுங்கள். பத்தடி தூரத்திலிருந்து மூன்று பந்து, நுழைவு 200 ரூபாய். நான் பார்த்த வரையில் பரிசு வாங்குவது பெரும்பாலும் பத்து வயதுப் பிள்ளைகள்.

ஆம்புலன்ஸ் ஒன்று வாசலில் நிற்கட்டும். இடி கேட்டால் நீண்ட சைரன். விவாதம் கிடையாது, எல்லோரும் உள்ளே. எல்லை தாண்டி மலிவாகக் கிடைக்கிறதென்று யாராவது டிக்கியில் பாட்டில் கொண்டுவரத் துணிந்தால் முதல் நாளே தடுத்துவிடுங்கள். அத்திப்பள்ளியில் வாங்கியதை அனுமதியில்லாமல் ஓசூருக்குள் கொண்டுவந்தால் வழக்கு. வழக்கில் வண்டியும் சேர்ந்து போகும். மோரும் பானகமும் போதும். மதியத்துக்கு பிரியாணியோடு ராகிக் களியும் கீரைக்குழம்பும் வையுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் களியைத்தான் படமெடுப்பார்கள்.

பேச்சாளர் ஒருவர் போதும், ஐந்து நிமிடம். அவர் அமைச்சராகவோ ஆலைத் தலைவராகவோ இருக்கவேண்டியதில்லை. கண்ணாடி போட்ட பிறகு மைல்கல்லைப் படிக்கமுடிகிற ஓர் ஓட்டுநர் கிடைத்தால் அவரிடம் மைக்கைக் கொடுங்கள்.

திங்கட்கிழமை முதல்

கணக்கை ஆறப்போடாதீர்கள். பதினைந்து நாளுக்குள் ஒரு பக்கக் கணக்கு 72 பேருக்கும் ஆதரவாளர்கள் அனைவருக்கும் போய்விடவேண்டும். வரவு, செலவு, அறக்கட்டளைக்குப் போன காசோலையின் தொகை. சாப்பாட்டுச் செலவையும் மறைக்காமல் போடுங்கள். மறைத்தால் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். நன்கொடை கொடுத்தவர்களின் பான் எண்ணை வரிசைப்படுத்தி அறக்கட்டளையிடம் அன்றே ஒப்படையுங்கள். இல்லாவிட்டால் சான்றிதழ் வழங்கும் மே மாதத்தில், ஒவ்வொருவருக்கும் நீங்கள்தான் போன் போட்டு எண் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

முதல் முகாம் நடந்ததும் அந்தப் படத்தை ஆதரவாளர்களுக்கு அனுப்புங்கள். படத்தில் கண்ணாடி போட்ட ஓட்டுநர் இருக்கட்டும், பின்னால் அவருடைய லாரி நிற்கட்டும். ஓட்டுநரின் சம்மதத்தைக் கேட்டுவிட்டு எடுங்கள். லாரியின் பதிவு எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள். அந்த வண்டி ஆதரவாளருடைய போட்டிக் கம்பெனியின் சரக்கை ஏற்றியிருக்கலாம்.